மணி வேண்டாம் என்ற போதகருக்கு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நேற்று முதல் தடவையாக உங்கள் பேச்சை மீறிவிட்டேன். வேறு யாராவது வந்து வத்தி வைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கோபப்படாமல் கேளுங்கள். கோபம் வந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும், எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப இப்போது உங்களால் முடியாது.

போன செவ்வாய்க்கிழமை நம் சபை மூப்பர் சாலமோன் அண்ணன் தல்லாகுளத்தில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாக்குப்பை. உள்ளே வெண்கல மணி, சிம்மக்கல் கடையில் வாங்கியது. டவுன் பஸ்ஸில் பிரேக் போட்டபோதெல்லாம் அது அடித்திருக்கிறது. முன் சீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். பாவம் பார்த்துத் தன் துண்டை மணிக்குள் திணித்துவிட்டதாகச் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாகமலை அடிவாரத்தில் இருக்கும் நம் சபைக் கோயிலில் அதைக் கட்ட வேண்டும், அதற்கு நான் சம்மதம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஐயா இல்லாத இடத்தில் ஐயா மகள்தானே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மாவும் போன பிறகு, மணி என்றாலே உங்கள் முகம் ஏன் மாறும் என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் மணி அடிக்கும். ஓடிப்போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். உங்களைப் பெற்றவள் காய்ச்சலோடு அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடி, வரிசையிலேயே விழுந்து செத்தாள். அதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். "மணியடிச்சு மனுசரக் கூப்பிடுற வேல எனக்கு வேணாம்மா" என்றீர்கள்.

கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த வெயிலுக்கு வந்து சேர்ந்த மனுஷன் நீங்கள். இங்கே உங்களுக்குச் சொந்தம் என்று ஒரு ஆள் கிடையாது. அகதிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. நீங்களோ ஓர் ஓலைக் கொட்டகையைப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய் நின்றீர்கள். "வாங்க, போவம்" என்பதுதான் உங்கள் அழைப்பு. அந்த ஒரு கொட்டகை பதினைந்து வருஷத்தில் நான்கு சபையானது. என் அப்பா என்பதற்காகச் சொல்லவில்லை, வேறு யார் செய்திருந்தாலும் எனக்குப் பொறாமையாக இருந்திருக்கும்.

அப்படிக் கூப்பிடப் போன ஒரு வீட்டில்தான் மரியாள் பிரசவ வலியில் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டக்காரரின் மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்லி அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டிருங்கள் என்று சபைக்கு ஆள் அனுப்பினீர்கள். தெரிந்த பாட்டையெல்லாம் மூன்று முறை பாடி எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மத்தியானம் வேர்த்து வழிய வந்து, பெண் குழந்தை என்றீர்கள். அன்றைக்குப் பிரசங்கமே கிடையாது. உங்கள் பிரசங்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோயிலுக்கு ஓடு போட்ட வருஷம், டவுனிலிருந்து ஒரு பெரிய மனிதர் மணி தருவதாகச் சொன்னார். நன்றி, வேண்டாம் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் வேண்டாம் என்று நீங்களும் அவர்களிடம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஓயாமல் பேசிய மனுஷன், அதை மட்டும் ஏன் அப்பா விழுங்கினீர்கள்?

செவ்வாய்க்கிழமை நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சாலமோன் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஊர்க் கோயில் மணிய எங்கள என்னைக்குத் தொட விட்டாக, தாயி? நம்ம கோயில்ல நம்ம கையால ஒருக்கா அடிக்கணும்னு ஆச. ஐயா வேணாமுன்னதும், இவனுகளுக்கு மணி ஒரு கேடான்னு அவரும் நெனச்சுட்டாரோன்னு இருந்துச்சு."

ஐயோ அப்பா. இத்தனை வருஷமாக அந்த மனுஷன் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குத் தோத்திரம் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தோட்டத்து மணியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அழுதார். பிறகு சாக்கின் வாயைக் கட்டி, கடையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். "அது அந்தத் தோட்டத்து மணிண்ணே. இது நீங்க வாங்குன மணி. கட்டுங்க" என்றேன்.

நேற்றுக் கட்டினார்கள். காலையிலேயே எல்லாக் குடும்பமும் வந்துவிட்டது, கைக்குழந்தைகள் உட்பட. யார் முதலில் அடிப்பது என்று பேச்சு எழுந்து, கடைசியில் ஆளுக்கொரு தடவை என்று முடிவானது. முடியாதவர்களின் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தார்கள். அரை மணி நேரம் மணி ஓயவில்லை. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று காட்டிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். சாலமோன் அண்ணன் அடித்துவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் பயந்துகொண்டேதான் நின்றேன், உங்கள் முகம் மாறுமோ என்று. ஆனால் யாரையும் கூப்பிட அடித்த மணி இல்லை அப்பா அது. எல்லோரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

இனி வாராவாரம் அது அடிக்கும். அடித்தும் ஒரு வீடு வரவில்லை என்றால், அந்த வீட்டு வாசலில் நான் போய் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் பெற்ற மகள்,
எஸ்தர்