பெரிய திரையில் பெரியப்பா

உரும்பிராய்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தக்சாயினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் ரொறொன்ரோக் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இதற்குமேல் நல்ல செய்தி எதுவும் இக்கடிதத்தில் இல்லை.

விஷயம், பெரியப்பாவின் மரண அறிவித்தலுக்கு நீ செய்த இணையப் பக்கம். வரும் வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. எங்கள் ஒரே சகோதரி, உன் சிவக்கொழுந்து மாமி, வரமாட்டேன் என்று தெல்லிப்பழையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார். "அறிவித்தலிலை என்ரை பேர் இல்லை. பேரில்லாத வீட்டிலை எனக்கென்ன அலுவல்?" என்றாராம். நான் திகைத்துப்போனேன். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். நீ அனுப்பிய பக்கத்தை, போன வருடம் நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பெரிய மொனிற்றரில் நான்கு தடவை வாசித்தேன். கனடா, நோர்வே, மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தார்கள். மாமி வலது கரையில் பிழையின்றி இருந்தார்.

விசாரித்தால், மாமி பார்த்தது தன் பக்கத்து வீட்டு பெர்னடெட் ரீச்சரின் பழைய சின்னத் திரையில். உன் பக்கம் அதற்குள் அடங்கவில்லை. வலது கரை முழுவதும் வெளியே போய்விட்டது, மாமியும் கூடவே போய்விட்டார். கீழேயுள்ள பட்டையை இழுத்தால் தெரியுமாம். செத்தவீட்டு அறிவித்தலை இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டும் என்று எந்தச் சனத்துக்குத் தெரியும்? உனக்குப் போன் எடுத்தால், "அது றெசொலூசன் பிரச்சினை அப்பா, அவையின்ரை ஸ்கிறீன் சின்னன், நான் என்ன செய்யிறது?" என்கிறாய். உன் மேசையில் இருப்பது வாசிகசாலைக் கதவளவு திரை. அதில் வடிவாகத் தெரிந்தால் உலகம் முழுவதும் வடிவாகத் தெரியும் என்று நினைக்கவா உன்னை இவ்வளவு படிப்பித்தோம்? அருவருப்பாக இருக்கிறது. இங்குள்ளவர்களும் குறைந்தவர்கள் அல்ல. துக்கம் விசாரிக்க வந்த மூன்றுபேர் தங்கள் பெயர் எத்தனையாவது என்று விசாரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.

நேற்று அந்த மொனிற்றரைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் தெல்லிப்பழைக்குப் போனேன். ஓட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்கோ என்று கேட்டார். ரீச்சரின் கொம்பியூட்டரில் அதைக் கொழுவி, மாமியைக் கெஞ்சிக் கூப்பிட்டு, "இஞ்சை பாருங்கோ அக்கா, உங்கடை பேர்" என்றேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்தெல்லாம் எவ்வளவு பெரிதானாலும் கூராகத்தான் நிற்கிறது. பிறகு இடது பக்கம் இருந்த படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "என்ரை பேர் வடிவாத் தெரியுது தம்பி. அண்ணையின்ரை முகம் எங்கை?" என்று கேட்டார்.

முத்திரையளவு படத்தை உன் திரைக்கு நிரவ இழுத்து வைத்திருக்கிறாய். மூக்கு நான்கு சதுரம், கண்கள் இரண்டு கறுப்புக் கட்டம். நான்கு தடவை வாசித்த எனக்கு அது தெரியவில்லை. தேத்தண்ணி குடித்துப் போன அந்த மூன்றுபேரைப் போல நானும் பெயர்களைத்தான் பார்த்திருக்கிறேன். உன்மேல் இருந்த அருவருப்பில் பாதிக்குமேல் அந்த இடத்திலேயே என்மேல் திரும்பிவிட்டது.

மாமி தன் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து பெரியப்பா சிரிக்கிற படமொன்றை எடுத்துத் தந்தார். வெள்ளிக்கிழமை வருகிறாராம், பேர் இருந்தாலும் இல்லாட்டிலும். படம் இந்த மின்னஞ்சலோடு வருகிறது. அதன் அளவிலேயே போடு, இழுக்காதே. பெயர்களை ஒன்றின்கீழ் ஒன்றாக விடு. முடித்ததும் உன் கதவளவு திரையில் மட்டும் பார்க்காமல் போனிலும் ஒரு சின்னத் திரையிலும் பார். வியாழனுக்குள் முடியவேண்டும், மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நல்லூரான் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் சிறிய மொனிற்றரும் தரட்டும்.

முகத்துக்கு இடம் போதாவிட்டால் முதலில் என் பெயரை எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா