நியூட்ரலில் ஹேவாஹெட்ட இறக்கம்

2025 ஜூன் 8, ஞாயிறு

வாய்மூடி இருந்தது போதும். வெளியே பேசினால் பொறாமை என்பார்கள். ஆகவே முதலில் இந்த நாட்குறிப்பில்.

ஷிராஸின் புதிய வீடியோவைப் பார்த்தேன். வாகனப் பயிற்சி நிலையத்தில் எனக்குக் கீழே போதனாசிரியனாக இருந்தவன். இப்போது கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் கார் விற்கிறான். யூடியூபில் பெரிய ஆள். 'எந்த கியர் யாருக்கு?' என்பது தலைப்பு. மனுவல் கியர் பழுதுபார்க்க மலிவு, ஆனால் கண்டி நெரிசலில் இடது கால் செத்துப்போகும். இரட்டைக் கிளட்ச் நெடுஞ்சாலையில் சுகம். ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறிவிடும். ஹைபிரிட் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் மிச்சம் பிடிக்கும், நீண்ட ஏற்றத்தில் பெரிதாக அல்ல. எல்லாம் என் விரிவுரைக் குறிப்புகள். வரிசைகூட மாறவில்லை. என் பெயர் எங்கும் இல்லை.

கடைசியில் அவனுடைய சொந்தச் சரக்கு ஒன்று: "எறக்கத்துல வரக்குள்ள நியூட்ரல்ல போட்டு உடுங்க. பெற்றோல் சும்மா மிச்சம்."

இந்த மலைகளில் லொறிக்காரர்களின் பழைய பழக்கம். ஹைபிரிட்டுக்கு இதைவிட மோசமான ஆலோசனை கிடையாது. நியூட்ரலில் மோட்டார் பற்றரியை நிரப்பாது, காரை இழுத்துப் பிடிக்கவும் செய்யாது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில்.

திருத்தலாம். ஏன் திருத்த வேண்டும்? என் குறிப்புகளில் இல்லாத ஒரே வரி அது. அது அவன் பெயரிலேயே இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

மனைவி பிரேமிளாவின் தங்கை பிரியாந்தினி கார் வாங்கிவிட்டாள். ஹைபிரிட். ஷிராஸிடம். மலைமேல் ஹேவாஹெட்டவில் படிப்பிக்கிறாள், தினமும் கண்டியிலிருந்து ஏறி இறங்க வேண்டும். இயந்திரப் பொறியியல் படித்தவன் ஒருவன் குடும்பத்தில் இருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உங்களிட்டைக் கேட்டால் ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருப்பியள். அவளுக்குப் பயம்" என்கிறாள் என் மனைவி.

பயமாம்.

ஜூன் 15

காரைப் பார்த்தேன். நல்ல தெரிவு. சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பிரியாந்தினி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள்.

"ஹைபிரிட் எண்டு ஆசைப்பட்டு வாங்கினன் அத்தான், பெற்றோல் அப்பிடியொண்டும் மிச்சமில்லை. இவ்வளவுக்கும் இறக்கம் முழுக்க நியூட்ரலிலைதான் விடுறன்."

சொதியை இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டேன்.

"ஷிராஸைக் கேள்" என்றேன்.

"கேட்டனான். பழகப் பழகச் சரி வருமாம்."

"அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்."

பிரேமிளா என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

ஜூலை 9, புதன்

 

பிரியாந்தினி பாடசாலை விட்டு இறங்கி வரும்போது, தலாத்துஓயாவுக்கு மேலே ஒரு வளைவில், பிரேக் மிதி அப்படியே அமுங்கிப் போய்விட்டது. பின்னால் இரண்டு ஆசிரியைகள். காரை மலைப் பக்கத்து மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறாள். மறுபக்கம் தேயிலைச் சரிவு. எவ்வளவு ஆழம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருவருக்கும் காயமில்லை. நான் ஓட்டோ பிடித்துப் போனபோது சில்லுகளிலிருந்து இன்னும் புகை. கருகிய மணம். அவள் கல்லொன்றில் உட்கார்ந்திருந்தாள்.

"நியூட்ரலிலை விட்டது பிழையோ அத்தான்?"

"பிழை."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "வீடியோ பார்த்த அண்டைக்கே."

"அப்ப அண்டைக்கு நான் சொல்லச் சொல்ல, சொதி விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

ஓம். சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். யாரோடு கோபம், யாருடைய கழுத்துக்குக் கத்தி — இதற்கு மேல் இன்று வேண்டாம்.

ஜூலை 12, சனி

பிரேக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு அதே வீதியில் போனேன்.  இறங்கும்போது கியர்த் தடியை 'பி'க்கு (B), எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும் நிலைக்கு, இழுத்தேன்.

"அது பிரேக் பழுதானால் போடுறது எண்டெல்லோ நினைச்சன்" என்றாள்.

"பழுதாகாமல் இருக்கப் போடுறது."

"எஞ்சின் கத்துது அத்தான்."

"கத்தட்டும். அது கத்தினால் பிரேக்குக்கு ஓய்வு."

திரையில் பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த வளைவு வந்ததும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். கார் மெதுவாகத்தான் போனது.

வீட்டு வாசலில் இறங்கியபின் சொன்னாள்: "எங்கட பள்ளிக்கூடத்திலை கார் இருக்கிற எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ஓடுறவை. அண்டைக்குப் பின்னாலை இருந்த ரெண்டு பேரும் இப்ப தங்கட தங்கட காரிலை, அதே நியூட்ரலிலை."

ஜூலை 13, ஞாயிறு

ஷிராஸுக்குக் கோல் எடுத்தேன்.

"என்ன சேர், இவ்வளவு காலத்துக்குப் பொறகு? கோவம் தீந்துட்டா?"

"தீரவில்லை. நியூட்ரல் கதையை வீடியோவிலிருந்து எடுத்துவிடு." நடந்ததைச் சொன்னேன்.

 "லொறிக்கு வாப்பா காலத்துல இருந்தே அப்பிடித்தானே சேர்... சரி, வெட்டிடுறேன். ஆனா பாத்தவங்க பாத்துட்டாங்களே. நீங்க ஒண்ணு எழுதுங்க, வீடியோக்குக் கீழ கொமெண்ட்டுல மொதலாவதா ஒட்டி வைக்கிறேன். உங்க பேரு பட்டமெல்லாம் போட்டே எழுதுங்க. சேரும் ஷிராஸும் சண்டை எண்டா ஒலகமே வந்து பாக்கும்."

சிரித்தான். கெட்டவன் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எழுத உட்கார்ந்தேன். குறிப்புகள் திருடப்பட்ட கதை, பயிற்சி நிலையத்தில் எனக்கு வரவேண்டிய பதவி யாருக்குப் போனது, எல்லாம் வந்துவிட்டது. மூன்று பக்கம். நியூட்ரல் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. இதை வாசித்து முடிக்க முதல் தலாத்துஓயா வந்துவிடும். வெட்டினேன். மிஞ்சியது இவ்வளவு:

'ஹைபிரிட் காரை இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். டி (D) கியரிலேயே விடுங்கள். நீண்ட இறக்கம் என்றால் பி (B). கருகிய மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இந்த வீடியோவில் முன்பு சொல்லப்பட்டது பிழை.'

கீழே என் பெயரை அடித்தேன், பட்டத்தோடு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெயரைப் பார்த்தால் என் கதை தெரிந்தவர்கள் சண்டையை வாசிப்பார்கள், கியரை வாசிக்க மாட்டார்கள்.

அழித்தேன்.

பெயரில்லாமலே போடுகிறேன், இன்றைக்கே. நாளை திங்கள். காலையில் ஏறுகிறவர்கள் பின்னேரம் இறங்குவார்கள்.