மணிக்கு முந்திய பாய்ச்சல்

மே 4
விமான நிலையத்தில் ஒருவர் ஓடிவந்து, "குதிரை எங்க மேடம்?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கைப்பையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாடுகளில் தடைதாண்டிக் கோப்பை வாங்கியவள் நான். புகழெல்லாம் மாப்பிள்ளைக்கு. நான் அவன் மேல் ஏற்றிய சாமான்.

மாப்பிள்ளை என்பது குதிரைக்கு நான் வைத்த பெயர். சேணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த முறுக்கு வேறு யாருக்கு வரும்?

மே 6
போட்டிச் சுவரொட்டி வந்தது. முதலாளியின் நிறுவனப் பெயர் என் மூக்கில் பாதியை மறைக்கிறது. குதிரை அவருக்குச் சொந்தம்; அதனால் நானும் சொந்தம் என்று நினைப்பு.

மே 9
காலையில் வழக்கம்போல் மாப்பிள்ளையின் கால்களைத் தொட்டுப் பார்த்தேன். இடது முன்கால் சுடுகிறது. மருத்துவர் ஓடவிட்டுப் பார்த்தார். "நொண்டல. விதிப்படி ஓட்டலாம்" என்றார். காலுக்கு விதி தெரியுமா? நாளை தகுதிச் சுற்று, ஞாயிறு இறுதி. அத்தனை உயரம் குதித்துத் தசைநார் அறுந்தால் அவன் பிறகு நடப்பதே சந்தேகம்.

முதலாளியிடம் சொன்னேன். "பயமா இருந்தா சொல்லும்மா. ஏற ஆள் இருக்கு" என்று சிரித்தார். இருக்கத்தான் இருக்கிறது, வரிசையில். நான் இறங்கினால் இன்னொருத்தி. மாப்பிள்ளையும் குதிப்பான் — முறுக்கெல்லாம் லாயத்தில்தான், தடையைக் கண்டால் மடையனுக்கு வலிகூட மறந்துவிடும்.

என்னதான் பண்றது? அழுகையா வருது.

மே 10
நடுவர் மணி அடித்த பிறகே தொடக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். பழக வந்த குழந்தைக்கும் தெரியும். நான் மணிக்கு முன்பே தாண்டி முதல் தடையைக் குதித்தேன். இருப்பதிலேயே சின்னது. அதிலும் அவன் இறங்கிய கணமே குனிந்து இடது முன்காலைத்தான் பார்த்தேன்.

தகுதி இழப்பு. இனி யார் ஏறினாலும் அவனுக்கு ஞாயிறு இல்லை. அரங்கமே சிரித்தது. நிருபரிடம் காது அடைத்திருந்தது என்றேன்.

அம்மா தொலைபேசியில்: "பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சு அரை மணி கழிச்சுத்தான் போவே. இன்னைக்கு என்னடி அவசரம்?"

மே 11
காணொளியை உலகமே பார்க்கிறது. கோப்பைக்கு வராத கூட்டம்.

மே 13
வேலை போயிற்று. புதிய சுவரொட்டியில் மூக்குப் பிரச்சினையே இல்லை, முகமே இல்லை.

மே 20
இப்போது ஸ்கேன் எடுத்தார்களாம். தசைநாரில் கிழிசல். "நல்லவேளை, அன்னைக்கு முழுசா ஓடல" என்று மருத்துவர் என்னிடமே சொல்கிறார். ஓய்வு கொடுத்தது தன் யோசனை என்று முதலாளி பேட்டி கொடுத்திருக்கிறார். கொடுக்கட்டும்.

ஆகஸ்ட் 2
லாயத்து வாசலில் காவலாளி தடுத்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மணிக்கு முன்னாடி ஓடினவங்கதானே? போங்க" என்றார். என் புகழ் முதன்முறையாக ஒரு கதவைத் திறந்தது.

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். இத்தனை நாள் நான் வராத கோபம். குனிந்து இடது முன்காலைத் தொட்டேன். சூடு இல்லை.