தாலுகா ஆபீஸில் ஆரோக்கியம்மா கொடுத்த வாக்குமூலம்

எனக்காகச் சர்க்காரிடம் பொய் சொன்ன, பிறகு எனக்காகவே அதை ஒப்புக்கொண்ட, என் அன்பான ஆரோக்கியம்மாவுக்கு,

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. அது உங்களுக்குத் தெரியும். அதனால் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். நம் தெருவுக்கே நான்தான் ஆட்களை வைத்துக் கம்பம் நட்டேன். உங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு விளக்கு. இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை. சாமான் வரவில்லை என்கிறார்கள். நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். காட்டுவேலைக்குப் போன எங்கள் குடும்பத்துக்கும், தறிக்காரர்களுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்த உங்கள் குடும்பத்துக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். நாங்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். இதற்கு மேல் உறவு என்று காகிதத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வேலைக்கு மனுப் போட்டபோதுதான் வினை வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் உத்தேசமாக ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அந்தக் கணக்கின்படி நான் வயது வரம்பை மூன்று மாதம் தாண்டியவன். பிறப்புப் பதிவின் நகலைக் காட்டினால் சரியான வயதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். ஒரு காகிதம்தானே, அரை நாள் வேலை என்று தாலுகா ஆபீஸுக்குப் போனேன். நான்கு தடவை அலைந்த பிறகு குமாஸ்தா கட்டுகளை மூடிவைத்தார்.

“நீ சொன்ன வருஷம், முன் வருஷம், பின் வருஷம், மூணும் பாத்தாச்சு தம்பி. உங்கப்பா பேர்ல ரெண்டு பொறப்பு இருக்குது, ரெண்டு எறப்பு இருக்குது. நீ இல்ல.”

“அப்ப உங்க முன்னால நிக்கறது யாருங்க?”

“அது இந்த செக்‌ஷன் சமாச்சாரம் இல்ல.”

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் கத்தியிருப்பேன். எங்கம்மா எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் வாயைத் திறந்தாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தவழும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாக நான் பிறந்ததும், பெற்றதெல்லாம் பிழைத்த ராசிக்காரி என்று உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை விலைக்கு வாங்கினீர்கள். “எம் புள்ளைய நீயே பால் குடுத்து வளத்து” என்று அவள் மடியிலேயே திரும்பப் போட்டீர்கள். தவிட்டுக்கு விற்ற பிள்ளையை எமன் தேடி வரமாட்டான். நம் பக்கம் பலரும் செய்கிற சடங்குதான்.

ஆனால் எங்கம்மாவின் பயம் அதோடு அடங்கவில்லையாம். “எமன் ஊட்டுக்கு வந்து பாத்தா ஏமாந்து போவான். மணியக்காரர் நோட்டப் பாத்தா என்ன பண்றது?” என்று அழுதிருக்கிறாள்.

“இதுக்கா அழுவறே? நோட்டுலயும் எம் பேரையே எழுதிப்போடறேன்” என்று நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

பக்கத்துக் கிராமத்தில் இருந்து நம் ஊர்ப் பிறப்பு இறப்பையும் எழுதிவந்த மணியக்காரர் சந்தேகப்பட்டாராமே! “ஏம்மா, போன ஐப்பசிலதான ஒண்ணு பெத்தே?”

“ஆமாங்க சாமி. இது இந்த ஆடிலீங்க. கர்த்தர் குடுக்கறத வேண்டாம்னு சொல்ல முடியுங்களா?”

அவர் எழுதிவிட்டார். தாய் ஆரோக்கியம், தந்தை சவரிமுத்து, ஆண் குழந்தை. சர்க்கார் கணக்கில் இருபத்தைந்து வருஷமாக நான் உங்கள் பிள்ளை.

எனக்கு வந்த கோபம்! படித்தவன் என்ற திமிர் வேறு. முட்டாள்தனம், மூடத்தனம் என்று எங்கம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். “திட்டு சாமி. ஆனா அத மட்டும் திருத்தாதே. அதுலதான் நீ உசுரோட இருக்கறே.”

மறுநாள் காலை உங்களிடம் வந்தேன். மார்ச்சளியில் உங்களுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. “தாசில்தார் முன்னால வந்து நான் உங்க பையன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றேன். நீங்கள் கையிலிருந்த தாரை முழுசாகச் சுற்றி முடித்துவிட்டு, “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டீர்கள்.

எங்கம்மாவும் வந்தாள். பெற்றவள் சாட்சி வேண்டும் என்றார்கள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

குமாஸ்தா உங்களை மிரட்டிப் பார்த்தார். “சர்க்கார் நோட்டுல பொய் எழுத வெக்கறது குத்தம். தெரியுமா?”

“தெரியுங்க. அப்பவே ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிப்போட்டனுங்க.”

“அது அவர் கணக்கு. இது எங்க கணக்கு.”

“அப்ப உங்க தண்டனையும் குடுங்க. ஜெயில்ல தார் சுத்தற வேல இருந்தா அதுல சேத்தி உடுங்க.”

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாக்குமூலம் எழுதி வாசித்தார்கள். உங்கள் கட்டைவிரலில் மை தடவியாயிற்று. ‘மேற்படி பழனிச்சாமி என் மகன் அல்ல’ என்ற வரி வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள்.

“அத அடிச்சுப்போடுங்க சாமி.”

“என்னம்மா இது? அதச் சொல்லத்தானே வந்தீங்க?” என்றார் தாசில்தார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். “வெச்சுத் தொலைங்க. ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்.” இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வார்த்தை முன்னால் வந்து நிற்கிறது.

நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவோரம் எங்கம்மாவைத்தான் பார்த்தீர்கள். பிறகு தாசில்தாரிடம் நிதானமாகச் சொன்னீர்கள்.

“இவனப் பெத்தது அவங்கதானுங்க. நான் பெக்கலீங்க. அது சத்தியம், எழுதிக்கோங்க. வாங்குனது நானுங்க. அதுவும் சத்தியம். வாங்குனத இன்னும் திருப்பிக் குடுக்கலீங்க. பையன் இல்லைன்னு எம் வாயில வராதுங்க.”

தாசில்தார் குமாஸ்தாவிடம், “நமக்கு வேண்டியது யார் பெத்தாங்கங்கறதுதான். அந்த வரிய எடுத்துட்டு வேற எழுதுங்க” என்றார். விரலில் மை காய்ந்துபோய், மறுபடி தடவினார்கள். எங்கம்மா கதவை விட்டு உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த அறையில் சட்டம் படித்தவர் ஒருவர் இருந்தார், டிப்ளமா முடித்தவன் ஒருவன் இருந்தான். எங்கள் யாருக்கும் தோன்றாதது உங்களுக்கு எப்படித் தோன்றியது? காலையில் தார் சுற்றும்போதே யோசித்து வைத்திருந்தீர்களா? இல்லை, அந்த வரி காதில் விழுந்ததும் வந்ததா? கேட்டிருக்கலாம். பஸ்ஸில் முன் சீட்டில்தான் இருந்தீர்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, இரைச்சலில் கேட்காது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். மூன்றாம் வாரம் நீங்கள் இல்லை. நகல் கைக்கு வந்தது அதற்கு மூன்றாம் நாள்.

அதில் உங்கள் பெயர் இருந்த வரியை அழிக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் பெற்றவர்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அவ பேரு மேலயே இருக்குதில்ல?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

நீங்கள் போன காலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பிள்ளைகள் பள்ளிபாளையத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் இறப்பைப் பதிய நான் போனேன். இப்போது இருக்கிற மணியக்காரர் நோட்டைப் பிரித்தார்.

“தகவல் குடுக்கறது நீதான? பக்கத்து ஊடுன்னு எழுதிக்கட்டுமா?”

“மகன்னு எழுதுங்க.”

“இப்பத்தானப்பா தாலுகா ஆபீஸ் போயி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தீங்க?”

“பெத்தது வேறன்னுதான் எழுதிக் குடுத்தோம். போயிப் படிச்சுப் பாருங்க.”

கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவசரப்படவில்லை, ஆரோக்கியம்மா. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போட்டேன்.

என்றைக்காவது எந்த ஆபீஸிலாவது என்னைக் கூப்பிட்டு இது தப்புத் தகவல், திருத்து என்று சொன்னால் போவேன். எத்தனை பஸ் தவறினாலும் உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்க விடமாட்டேன்.

உங்கள் மகன்,
பழனிச்சாமி