எண்ணெய் தெறிக்கவில்லை, மதினி

மதினி,

காலையில் அந்த வெள்ளை டப்பாவைத் திறந்தேன். கம்பெனிப் பெயர் கிடையாது, மூடியில் பேனாவால் என் பெயர் மட்டும். மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் நீங்களும் வந்துவிட்டீர்கள், "ஏட்டி, தொட்டும் தொடாமப் போடு. செவருக்கா வெள்ளையடிக்க?" என்று.

உங்கள் மூக்கோரத்தில் வந்தது இப்போது என் கன்னத்தில். தோலின் மேல்பரப்போடு நிற்கும் புற்றுதான் என்கிறார் தென்காசி டாக்டர். உங்களுக்குக் கொடுத்தது போலவே இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்த களிம்பு. கடையில் கலந்து தருவதால் நமக்குக் கட்டுப்படியாகிறது. முதலில் சிவந்து, பொருக்குத் தட்டி, பிறகுதான் ஆறும். உங்களைப் பார்த்திருப்பதால் பயமில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்கிறது.

சாரல் நேரத்தில் ஐந்தருவிக்குப் போனோமே. நீங்கள் குளிக்காமல், சிவந்த முகத்தோடு எங்கள் துணிமணிக்குக் காவல் இருந்தீர்கள். வெளியூர்க்காரி ஒருத்தி உங்களைப் பார்த்ததும் பிள்ளையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். எனக்கு உடம்பே கூசிப்போனது. நீங்களோ, "இது புத்தும்மா. ஒட்டாது. மருந்து போடுதேன், ஆறிரும். பைய வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு பையை உங்கள் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

"ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கணுமா?" என்று வழியெல்லாம் உங்களோடு சண்டை போட்டேன்.

"மறைச்சா நாலு பேரு நாப்பது விதமாப் பேசுவாவ. சொல்லிட்டா ஒரே பேச்சோட போச்சு" என்றீர்கள். சொன்னபடியே ஆறியது. பிறகு உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலி.

நேற்று நம் செல்வியைப் பெண் பார்க்கப் புளியறையிலிருந்து வந்திருந்தார்கள். புற்று என்றால் பரம்பரை வியாதி, மகளுக்கும் வரும் என்று எழுந்து போய்விடுவார்களோ என்று விடிந்ததிலிருந்தே ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அடுக்களைக்கே வந்துவிட்டாள். "கன்னத்துல என்ன மதினி?" என்றாள். நான் உங்களைக் கூப்பிடும் அதே வார்த்தை.

"வடை சுடுதப்ப எண்ணெய் தெறிச்சிட்டு" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்படியா? எங்க அம்மைக்கு நெத்தியில இதே மாதிரி ஒண்ணு, ரொம்ப நாளா ஆறல. ஆபரேசன்னு சொல்லிருவாவளோ, செலவாகுமோன்னு டாக்டர்ட்டயே வரமாட்டக்கா. மஞ்சள அரைச்சு அப்புதா. ஒங்களுக்கு ஏதும் மருந்து தெரியுமோன்னு கேட்டேன்."

டப்பா என் தலைக்கு மேலே அலமாரியில்தான் இருந்தது, மதினி. நான் வடைத் தட்டை நீட்டினேன்.

சீ, என்ன பிறவி நான்! பெண்ணைப் பிடித்துவிட்டது என்று ராத்திரியே போன் வந்தது. வீடே சிரித்துக்கொண்டிருக்க, எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலையில் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போய்ச் சொல்லிரும்மா. வேண்டாம்னா போகட்டும். அத்தையா இருந்தா நேத்தே சொல்லியிருப்பாவ" என்றாள்.

புளியறை பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மடியில் டப்பாவும் டாக்டர் சீட்டும் இருக்கின்றன. மேலகரத்தில் பஸ் ஏறியதிலிருந்து முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டுதான் வந்தேன். புளியறை செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. முந்தானையை எடுத்துவிட்டேன். "இது புத்து மதினி. ஒட்டாது. மருந்து போட்டா ஆறிரும்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் குரல்தான் வருகிறது.