மோங்கேசிக்காக ஒரு பீப்பாய்

மே 5, ஞாயிறு

கெண்டானியில் மாமனார் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். மோங்கேசி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஜூலை ஆறாம் தேதி மாடு வெட்டி, அவன் ஆவியை முன்னோரில் ஒருவனாக முறைப்படி வீட்டுக்கு அழைத்துக்கொள்வதென்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அன்று முன்னோருக்குப் படைக்கும் சோள பீரை யார் காய்ச்சுவது என்ற பேச்சு வந்தது. அவன் அக்கா வுயெல்வா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் காய்ச்சுறேன். சிமாசாவுக்கு என்ன தெரியும்? டவுன்ல பாட்டில் வாங்கிக் குடிக்கிறவ."

"என் புருஷனுக்கு நான்தான் காய்ச்சுவேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம், அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று.

அவன் இறந்த அன்று கார் ஓட்டியது நான். கெய் மலை வளைவில் லாரி குறுக்கே வந்தபோது ஸ்டீயரிங் என் கையில் இருந்தது. கூடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

மே 11

மக்காச்சோள மாவு, முளைகட்டி அரைத்த செஞ்சோளப் பொடி. இரண்டையும் வெந்நீரில் கரைத்துப் புளிக்க வைத்திருந்தேன். இன்று கஞ்சியாகக் காய்ச்சி, மேலே இன்னும் கொஞ்சம் செஞ்சோளப் பொடி தூவிக் கலக்கி மூடினேன். இனி அது பொங்க வேண்டும்.

மே 14

பொங்கவில்லை. ஒரு குமிழிகூட இல்லை. வெறும் இனிப்புக் கஞ்சி. பக்கத்து வீட்டு நோம்சாவின் பன்றிகளுக்குப் போட்டேன்.

மே 26

இரண்டாவது வாளியை ரொம்ப ஜாக்கிரதையாக, கஞ்சியை நன்றாக ஆறவிட்டுச் செய்தேன். குளிர்காலம் தொடங்கிவிட்டது; சமையலறையின் சில்லிட்ட சிமெண்டுத் தரையில் நாலு நாள் கிடந்தது. மூக்கை அறுக்கும் காடி வாசனை. கொட்டினேன்.

எப்படியோ செய்தி போய்விட்டது. வுயெல்வா போன் செய்தாள். "வீட்டுல மனசு சுத்தமா இல்லன்னா பீர் பொங்காது சிமாசா. முன்னோருங்க வாங்கிக்க மாட்டாங்க. இது நான் சொல்றதில்ல, ஊருக்கே தெரியும்."

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித்தருகிறவள். இதெல்லாம் பேச்சு என்று தெரியும். ஆனா — ஒருவேளை? என் கைதான் ராசியில்லையா? அந்தக் கைதானே ஸ்டீயரிங்கப் பிடிச்சிருந்துது?

இல்லை. விடமாட்டேன்.

மே 28

பதினொன்றாம் வகுப்பில் நொதிகள் பாடம். கொதிசூட்டில் நொதி செத்துவிடும், குளிரில் மந்தமாகிவிடும் என்று கரும்பலகையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முதல் தடவை கொதிக்கக் கொதிக்கப் பொடியைக் கொட்டினேன். இரண்டாம் தடவை குளிரில் போட்டு வைத்தேன். இவ்வளவுதானா?

ஜூன் 1

மூன்று வாளி. ஒரே மாவு, ஒரே பொடி, ஒரே நாள். ஒன்றில் சுடச்சுடப் பொடி போட்டேன். இன்னொன்றில் வெதுவெதுப்பானதும் போட்டு, கம்பளி சுற்றி வைத்தேன். மூன்றாவது குளிர்ந்த தரையில். பள்ளி வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

மூன்றையும் கலக்கியது என் கைதான். குற்றம் கையில் இருந்தால் மூன்றும் கெடட்டும்.

ஜூன் 3

கம்பளி சுற்றியதில் சத்தம்! காதை வைத்தால் சின்னச் சின்னதாக வெடிக்கிறது. புளிக்கும் பீர் விடும் வாயு தீயை அணைக்கும்; தீக்குச்சி கொளுத்தி நுரைக்கு மேலே பிடித்தேன். அணைந்தது. மறுபடி கொளுத்தினேன். மறுபடி அணைந்தது. மற்ற இரண்டு வாளியும் பிணம்போலக் கிடக்கின்றன.

தரையில் உட்கார்ந்து அழுதேன். சூடுதான். நான் இல்லை.

பீருக்கு மட்டும்தான் இந்தப் பதில். அதுவும் தெரியும்.

ஜூன் 22

ஆறாவது வாளி. நோம்சா இரண்டாவது குவளை கேட்டாள்.

ஜூலை 3, கெண்டானி

ஞாயிறே வந்துவிட்டேன். இங்கே வாளி இல்லை, ஆள் உயரப் பீப்பாய். நேற்று முழுக்கக் கஞ்சி காய்ச்சினோம், தோள் கழன்றுவிட்டது. இன்று அது வெதுவெதுப்பாக ஆறும்வரை வெப்பமானியோடு காத்திருந்து பொடியைப் போட்டேன். மோங்கேசியின் லிசோ சித்தப்பாவின் மனைவி எட்டிப் பார்த்து, "என்னடி, பீருக்கு ஜுரமா? மாத்திரை எதுவும் குடுக்கணுமா?" என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வுயெல்வா சிரிக்கவில்லை, முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 4

காலையிலிருந்து குளிர்ந்த கடல்காற்று. நடுப்பகல்வரை பீப்பாய்க்குள் ஒரு குமிழிச் சத்தமும் இல்லை. கம்பளிகளைச் சுற்றினேன், பீப்பாய் இருந்த குடிசைக்குள் நெருப்பு மூட்டினேன். வாசலில் குசுகுசுவென்று பேச்சு.

வுயெல்வா எழுந்து வெளியே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பியபோது கையில் மோங்கேசியின் பழுப்புக் கோட்டு. பீப்பாயில் போர்த்தி, கோட்டின் இரண்டு கைகளையும் முன்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

மாலை நாலு மணிக்கு உள்ளே சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம். தீக்குச்சியைக் கொளுத்தியது அவள்தான். அணைந்தது.

ஜூலை 5

வடிகட்டினோம், நானும் அவளும். கோரைப்புல்லில் பின்னிய நீள வடிகட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: "அவன் கடைசியா ஏதாவது சொன்னானா?"

ஒரு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி.

"ரேடியோவக் குறைக்கச் சொன்னான். அப்புறம் 'லாரி'ன்னான். அவ்வளவுதான் அக்கா."

"வேகமாப் போனியா?"

"இல்ல. அறுபதுலதான் போனேன். பிரேக் போட்டேன். லாரி அவன் பக்கமா இடிச்சிருச்சு."

வடிகட்டியின் தன் முனையை இன்னொரு தடவை முறுக்கினாள். பிறகு, "பிழி. இன்னும் இருக்கு அதுல" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஜூலை 6

காய்ச்சியவர்கள் முதலில் குடிக்க வேண்டும். ஒரே தகரக் குவளையில் நான் குடித்தேன், அவள் குடித்தாள். லிசோ சித்தப்பா முன்னோர் வந்து நிற்கும் மாட்டுத்தொழுவ வாசலில் பீரை ஊற்றி மோங்கேசியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று மணிக்கெல்லாம் பீப்பாய் காலி.

ஜூலை 8

கிளம்பும்போது வுயெல்வா பையோடு நின்றாள். ரத்த அழுத்த மாத்திரை வாங்க அவள் பட்டர்வர்த் டவுனுக்குப் போக வேண்டும். "ஒன்பது மணிக்கு வேன் வரும் அக்கா" என்றேன், நான் ஓட்டும் காரில் ஏறச் சங்கடப்படுவாளோ என்று.

"வேன் எதுக்கு? நீ அந்தப் பக்கம்தானே போற."

பையைப் பின்னால் போட்டாள். முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். வழியெல்லாம் தன் மகனின் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.