எல்லா வாசலுக்கும் போன செய்தி

டோகா, கட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் கோயில் யாகப்பர் உங்களைக் காத்துக்கொள்ளட்டும். கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். வேலையில் ஏணி சறுக்கி மணிக்கட்டு சுளுக்கிவிட்டது, அவ்வளவுதான். எழுத்துக் கோணலாக இருந்தால் யோசிக்காதீர்கள்.

கூரையோரம் இருக்கும் சுவிட்சைப் பார்க்கத்தான் ஏறினேன். கணினிகளை இணைக்கிற பெட்டி அது, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வாசல். ஒரு கணினி கதைத்தால், எந்த வாசலால் கதைத்தது என்று குறித்துவைத்து, அதற்கு வருவதை அந்த வாசலுக்கு மட்டும் அனுப்பும். கொஞ்ச நேரம் கதைக்காவிட்டால் மறந்துவிடும். பிறகு அதற்கு வருவதையெல்லாம் எல்லா வாசலுக்கும் அனுப்பும். இங்கே சுவரில் படம் காட்டுகிற ஒரு திரை கேட்டுக்கொண்டே இருந்தது, வாய் திறக்கவில்லை. அதனால் அலுவலகம் முழுவதும் திணறியது. அதை இடைக்கிடை ஒரு சொல் சொல்ல வைத்தேன். சரியாகிவிட்டது.

தம்பி ஜெரிசனின் படகு திரும்பாத நாளிலிருந்து நீங்கள் ஒருவரோடும் கதைப்பதில்லை. உங்களைப் பற்றி நான் கோயில் சுவாமியிடம் கேட்கிறேன், மீன் வாடியில் கேட்கிறேன், பக்கத்து வீட்டு றொசாந்தி அக்காவிடம் கேட்கிறேன். "உன்ரை கொப்பர் சாப்பிட்டவரோ எண்டு இப்ப ஊரே என்னட்டைக் கேக்குது, தம்பி" என்றார் அவர்.

ஜெரிசன் உடுத்த நீலச் சாரம் கொடியில் கிடந்தால், தோய்க்காமல் அனுப்பிவிடுங்கள். இங்கே இரவில் குளிர்கிறது.

பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போன் எடுப்பேன். றொசாந்தி அக்கா உங்கள் காதில் வைப்பார். தம்பியைப் பற்றிக் கதைக்க வேண்டாம். "ஓம்" என்று மட்டும் சொல்லுங்கள். எந்த வாசலில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் மகன்,
டிலக்சன்